அலறிய காரும் அசையாத தெருவும்

('நாம் ஏமாறுவதற்குப் பெரிதும் காரணம் ஆசையா? அச்சமா?' என்ற பொங்கல் சிறப்புப் பட்டிமன்றத்தில், 'அச்சமே' என்ற அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவருக்கும், எதிரே ஆசையோடு உட்கார்ந்திருக்கிற மூன்று பேருக்கும் (சிரிப்பு), மண்டபம் கொள்ளாமல் வந்திருக்கிற உங்களுக்கும், வீட்டில் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு அரைத் தூக்கத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிற அத்தனை குடும்பங்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். "ஏமாந்தவன் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஆசையில்தான் ஏமாந்திருப்பான். 2012-இல் ஈமுக் கோழியில் பணத்தைப் போட்டுவிட்டு அழுதவனைக் கேளுங்கள்" என்றார். ஈமுக் கோழி ஆசைதான், நடுவர் அவர்களே. நான் மறுக்கவே இல்லை. ஆனால் ஈமுக் கோழி வாழ்க்கையில் ஒரு தடவை வரும். மாதா மாதம் நம்ம பையில் இருந்து ஐந்நூறும் ஆயிரமும் ஐயாயிரமும் நழுவுதே, அதை எந்தக் கோழி கொத்திக்கிட்டுப் போகுது? பேராசிரியர் அதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பயம் என்கிற கோழி. (கைதட்டல்)

ஊர்க்கதை வேண்டாம். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் வீட்டுக்காரர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தப்பாகச் சொன்னால் திருத்துவார். திருத்தினால் வீட்டில் பார்த்துக்கொள்வேன். (சிரிப்பு)

2015 ஜூன் மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. பழைய கார். அதோ பாருங்கள், பேராசிரியர் சிரிக்கிறார், 'கார் என்றாலே ஆசைதானே' என்று. இல்லை ஐயா. என் மாமியாருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். போகும்போது ஆட்டோவில் போய்விடலாம். நாலு மணி நேரம் இரத்தத்தைச் சுத்தம் செய்து வெளியே வரும்போது அவர்களால் உட்கார முடியாது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கினால் வாந்தி, இன்னொரு பள்ளத்தில் இறங்கினால் மயக்கம். மதுரையில் பள்ளத்துக்குப் பஞ்சமா? (சிரிப்பு) மாமியார் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரட்டும் என்று, என் வளையல் இரண்டை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி, ஆறு வருஷம் ஓடின ஒரு சின்னக் காரைப் பேசி முடித்தோம். இதில் ஆசை எங்கே இருக்கிறது? காட்டுங்கள்.

விலை ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். "எல்லாம் சேர்த்துத்தானே தம்பி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்றார் விற்கிற தம்பி. நான் முப்பது வருஷம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்தவள். 'எல்லாம்' என்ற சொல்லுக்கு இரண்டு அகராதி உண்டு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

வண்டி எடுக்கிற நாள். நல்ல நேரம் பத்தரை முதல் பன்னிரண்டு. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனோம், அவர்களுக்குத்தானே வண்டி! சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம், பூ, குங்குமம், எல்லாம் தயார். பில்லை நீட்டினார்கள். ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து ஐந்நூறு.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தொகை குறையவில்லை. (சிரிப்பு) செக்யூரிட்டி சிஸ்டம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மேல் பூச்சு நாலாயிரம். பேப்பர் வேலை மூவாயிரத்து ஐந்நூறு. பெயர் மாற்ற இரண்டாயிரத்து ஐந்நூறு. கூட்டிப் பார்த்தால் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.

"செக்யூரிட்டி சிஸ்டம்னா என்ன தம்பி?"

"அலாரம் மேடம். ஏற்கனவே மாட்டியாச்சு. நம்ம கடையில இருந்து போற எல்லா வண்டிக்கும் மாட்டித்தான் அனுப்புவோம்."

"நாங்க கேக்கலையே?"

இந்த இடத்தில்தான், நடுவர் அவர்களே, அந்தத் தம்பி என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பினார். குரல் இறங்கியது. துக்க வீட்டில் பேசுகிற குரல். "சார், இப்பல்லாம் ராத்திரி நிறுத்தின வண்டி காலையில இருக்கிறதில்லை. போன வாரம் நம்ம கஸ்டமர் ஒருத்தர், அலாரம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாரு. பத்து நாள்ல வண்டி போச்சு. அம்மாவுக்கு உடம்பு வேற முடியலைங்கிறீங்க. அவசரத்துக்கு எடுக்கப் போகும்போது வாசல்ல வண்டி இல்லைன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

கவனியுங்கள். போன வாரம் போன கஸ்டமருக்குப் பத்து நாளில் எப்படி வண்டி தொலையும்? கணக்கே இடிக்கிறது. (சிரிப்பு, கைதட்டல்) இது எனக்கு எப்போது தோன்றியது தெரியுமா? நாலு நாள் கழித்து, தோசை ஊற்றும்போது! அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஏன்? என் மூளை வேலை செய்யவில்லை. என் கண் முன்னால் நடுராத்திரி, வெறும் வாசல், மூச்சு வாங்குகிற மாமியார், இந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆசை காட்டுகிறவன் நாளைக்கு வரப் போகிற பங்களாவைக் காட்டுவான். அச்சம் காட்டுகிறவன் இன்றைக்கு நம்மிடம் இருக்கிற ஒன்றைக் காட்டி, இது போய்விடும் என்பான். பங்களா வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மாமியார் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சிலர் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். (பலத்த சிரிப்பு)

அடுத்து ஒரு தூண்டில். "இன்சூரன்ஸ்லயும் தள்ளுபடி கிடைக்கும் சார்." தள்ளுபடி உண்மைதான். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 2002-இல் வந்த மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதியிலேயே அது இருக்கிறது. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்று ஒரு வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் சோதித்து ஒப்புதல் கொடுத்த திருட்டுத் தடுப்புக் கருவியாக இருந்தால், நம் வண்டியின் சொந்தச் சேதத்துக்குக் கட்டுகிற பிரீமியத்தில் இரண்டரை சதவீதம் கழிவு. அதுவும் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. எங்கள் பழைய வண்டிக்கு அந்தப் பிரீமியம் இரண்டாயிரம் ரூபாய். இரண்டரை சதவீதம் எவ்வளவு? ஐம்பது ரூபாய். ஒன்பதாயிரத்து ஐந்நூறை ஐம்பதால் வகுங்கள். நூற்றுத் தொண்ணூறு வருஷம்! (சிரிப்பு) என் பேரனுக்குப் பேரன் வந்துதான் அந்த அலாரத்தின் காசை மீட்க வேண்டும். அந்த ஐம்பதும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பெட்டியில் அந்த ஒப்புதல் முத்திரையே இல்லை.

"அலாரம் வேண்டாம், கழற்றிடுங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, சொன்னேன். உடனே பதில் வந்தது: "கழட்டலாம் மேடம். ஆனா ஒயரிங்ல கை வைக்கணும். அப்புறம் எலெக்ட்ரிக்கல்ல எது வந்தாலும் நாங்க பொறுப்பில்லை." அப்படியானால் மாட்டும்போது ஒயரில் வைத்தது யார் கை? அதை நான் கேட்டேனா? கேட்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலாளர் வந்து நின்று, "சார், நீங்க யோசிச்சே வாங்க, அவசரம் இல்லை. இதே வண்டிக்கு இன்னொரு பார்ட்டி வெளியில வெயிட் பண்றாங்க" என்றார். அவசரம் இல்லையாம், ஆனால் பார்ட்டி வெயிட் பண்ணுதாம்! நல்ல நேரம் வேறு முடியப் போகிறது. மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்துகொண்டிருக்கிறார்கள். ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டோம். 'கேள்வியை இரண்டு தடவை படிச்சுட்டு விடை எழுது' என்று முப்பது வருஷம் பிள்ளைகளைக் குட்டின கை, ஒரு வரி படிக்காமல் ஏழு கையெழுத்துப் போட்டது.

இது ஆசையா? இரண்டு பயம். வண்டி திருடு போகும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், 'ஒன்பதாயிரத்துக்கு இந்தம்மா இப்படிப் பேசுதே' என்று பக்கத்து மேசைக்காரர் நினைத்துவிடுவாரோ என்கிற பயம். முன்பின் தெரியாத அந்த மனிதருக்கு மரியாதை கொடுத்து நான் இழந்தது பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். (கைதட்டல்) அதே அலாரப் பெட்டி ஊருக்குள் கடையில் இரண்டாயிரத்து இருநூறு. மாட்டுக்கூலி ஐந்நூறு. அதுவும் தோசைக்குப் பிறகுதான் தெரிந்தது.

சரி, காசு போனால் போகட்டும், வண்டிக்குப் பாதுகாப்பு வந்ததே என்று நினைத்தோம். வந்தது பாருங்கள் ஒரு பாதுகாப்பு!

அந்தப் பெட்டிக்குள் அதிர்வை உணர்கிற ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கதவை உடைத்தால் அதிரும், உடனே கத்தும். நல்லதுதான். ஆனால் உடைக்கிற அதிர்ச்சிக்கும் தண்ணீர் லாரி போகிற அதிர்ச்சிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பூனை குதித்தால் கத்தும். முருங்கைக்காய் விழுந்தால் கத்தும். இடி இடித்தால் வானத்தைப் பார்த்துக் கத்தும். தீபாவளி அன்றைக்கு விடிய விடியக் கத்தியது, நடுவர் அவர்களே! எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது பிள்ளைகள், பதில் சொன்னது எங்கள் கார். (பலத்த சிரிப்பு)

முதல் வாரம் தெருவே ஓடி வந்தது. "டீச்சர், உங்க வண்டியில யாரோ கை வைக்கிறாங்க!" இரண்டாவது வாரம் சன்னலைத் திறந்து பார்த்தார்கள். மூன்றாவது வாரம் சன்னலைச் சாத்தினார்கள். (சிரிப்பு) எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன் ஒருநாள் நேராகவே கேட்டார்: "டீச்சர், நான் ராத்திரி சவாரி முடிச்சுட்டு வந்து ரெண்டு மணி நேரம்தான் தூங்குறேன். அந்தக் குழந்தைக்குக் கொஞ்சம் பால் குடுத்துப் படுக்க வையுங்களேன்." எனக்கு அவமானமாகப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்தவர். ஊருக்கே கரண்ட் கொடுத்த மனுஷன், பன்னிரண்டு வோல்ட்டு பெட்டி ஒன்றிடம் தோற்றுப்போனார்.

'புலி வருது, புலி வருது' என்று கத்தின பையன் கதையை நாம் எல்லாரும் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். உலகம் முழுக்க அதே கதைதான். நியூயார்க் நகரத்தில் கார் அலாரம் மூன்று நிமிஷத்துக்குள் தானாக அடங்க வேண்டும் என்று சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். 1997-இல் அமெரிக்காவில் காப்பீட்டுக் கோரிக்கைகளை வைத்து ஆராய்ந்து பார்த்தபோது, அலாரம் வைத்த வண்டிகளில் திருட்டு இழப்பு மொத்தத்தில் குறைந்ததாகவே தெரியவில்லை. எல்லா வண்டியும் கத்தினால் எந்த வண்டிக்காக ஒருவர் எழுந்து வருவார்?

பேராசிரியர் ஏதோ குறிப்பு எழுதுகிறார். 'நம்ம ஊர் ஜனங்களுக்கு விவரம் போதாது, வெளிநாட்டில் இப்படி நடக்குமா' என்று கேட்கப் போகிறார் போல. நடக்கும் ஐயா. அமெரிக்காதான் இந்த வித்தைக்குத் தாய்வீடு. என் அண்ணன் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அவன் பழைய கார் வாங்கப் போனபோதும் 'திருட்டுத் தடுப்புக் கருவி ஏற்கனவே மாட்டியாச்சு' என்றுதான் சொன்னார்களாம். விலையைச் சொல்லவில்லை. "மாசத்துக்குப் பதினெட்டு டாலர்தான் கூடும்" என்றார்களாம். பதினெட்டு டாலர் கேட்க நன்றாக இருக்கிறது. எழுபத்திரண்டு மாதத் தவணை. பதினெட்டை எழுபத்திரண்டால் பெருக்குங்கள், ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு டாலர்! மாதக் கணக்கில் உடைத்துக் கொடுத்தால் பாறாங்கல்லும் சரளைக்கல் மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த ஊரில் 2006 ஜூலை முதல் ஒரு சட்டம் இருக்கிறது. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், திருட்டுத் தடுப்புக் கருவி, மேல் பூச்சு, நீட்டித்த சர்வீஸ் ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலையும், அவை இருந்தால் தவணை எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பையன் அந்தத் தாளைக் கேட்டிருக்கிறான். கேட்டதும் அலாரம் இலவசமாகிவிட்டது! (சிரிப்பு, கைதட்டல்) நாடு முழுவதற்கும் இன்னும் கடுமையாக ஒரு விதியை அவர்களுடைய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் கொண்டுவந்தது. வாங்குகிறவருக்குப் பயன் இல்லாத இணைப்புக்குக் காசு வாங்கவே கூடாது என்றது. கார் விற்பனையாளர்கள் சங்கம் வழக்குப் போட்டது. விதியைக் கொண்டுவந்த முறை சரியில்லை என்று 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அங்கேயும் இழுபறிதான்.

இனி நான் சிரிக்க வைக்கப் போவதில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே 2015, நவம்பர் மாதம். ஐப்பசி மழை அடித்து ஊற்றிய வருஷம், உங்களுக்கு நினைவிருக்கும். இரவு இரண்டு மணி. மாமியார் அறையில் இருந்து சத்தம். போய் விளக்கைப் போட்டால், கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். படுக்க முடியவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு உடம்பில் நீர் தங்கி நுரையீரலில் ஏறிவிடும். படுத்தால் மூச்சு நின்றுவிடுகிற மாதிரி இருக்கும். உதடு நீலம் பாரித்திருந்தது. நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். கொட்டுகிற மழை. அவர் ரிமோட்டை அழுத்துகிறார். கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். இல்லை. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். அவ்வளவுதான், வண்டி அலற ஆரம்பித்தது. அத்தையைப் பின்சீட்டில் சாய்த்துவிட்டு இவர் சாவியைத் திருப்புகிறார். விளக்கு எரிகிறது, எஞ்சின் அசையவில்லை. திருப்புகிறார், திருப்புகிறார். ஒரு 'கிளிக்' சத்தம்கூட இல்லை. தலைக்கு மேல் அந்த அலறல்.

வண்டியின் சொந்தக்காரரைப் பார்த்து 'திருடன், திருடன்' என்று எங்கள் வண்டி கத்துகிறது. உண்மையிலேயே ஆபத்து. உண்மையிலேயே யாராவது ஓடி வர வேண்டிய நேரம். தெருவில் நாற்பது வீடு. ஒரு சன்னல் திறக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஐந்து மாதமாக நாங்கள்தான் அந்தத் தெருவுக்குக் காதை மூடக் கற்றுக்கொடுத்தோம். (மண்டபத்தில் அமைதி)

நான் 108-க்குப் போன் செய்துவிட்டு, ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். 'குழந்தைக்குப் பால் குடுங்க' என்றாரே, அதே ஆட்டோக்கார அண்ணன். கதவைத் திறந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டைகூடப் போடவில்லை. "ஏறுங்க டீச்சர், ஆம்புலன்ஸ் மழையில வந்து சேர்றதுக்குள்ள நாம போயிருவோம்" என்று வண்டியை எடுத்தார். எந்த ஆட்டோ வேண்டாம் என்று நாங்கள் கார் வாங்கினோமோ, அந்த ஆட்டோ. ஒரு பள்ளத்தில்கூட இறக்காமல் ஓட்டினார், நடுவர் அவர்களே. மதுரையில்! (நீண்ட கைதட்டல்)

அத்தை பிழைத்துக்கொண்டார்கள். மறுநாள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்கள்: "ஏம்மா, கள்ளன் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு மாட்டுனீங்க. அது சரி. நம்மளுமா எடுத்துட்டுப் போகக்கூடாது?" (சிரிப்பு) சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்து அழுதேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மெக்கானிக் வந்தார். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டவர், உள்ளே இருந்தே கேட்டார்: "இதை யாரு சார் மாட்டுனது?" கம்பெனி ஒயரை நடுவில் வெட்டி, வெறும் கையால் முறுக்கி, டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டருக்குப் போகிற ஒயரை அந்தப் பெட்டியின் ரிலே வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் ஒழுகிப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. பெட்டிக்குப் புத்தி கெட்டால் வண்டிக்கு உயிர் இல்லை. இன்னொன்றும் காட்டினார். வண்டி சும்மா நிற்கும்போதே அந்தப் பெட்டி ஐம்பது மில்லி ஆம்பியர் கரண்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அங்கேயே கணக்குப் போட்டார், மின்வாரியம் அல்லவா! ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். எங்கள் பேட்டரி 35. பதினைந்து நாள் வண்டியை எடுக்காமல் ஊருக்குப் போனால் பாதி பேட்டரியை அதுவே குடித்துவிடும்.

கடைசியில் மெக்கானிக் சாவியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், இந்த வண்டிக்கு இது எதுக்கு? சாவிக்குள்ளேயே சிப் இருக்குதே!" சாவியின் கறுப்புத் தலைக்குள் அரிசிமணி அளவில் ஒரு சில்லு. அதற்கு பேட்டரிகூட வேண்டாம். சாவி போடுகிற இடத்தைச் சுற்றி இருக்கிற வளையம் அதை விசாரித்துப் பார்க்கும். சரியான சில்லு என்றால்தான் எஞ்சின் ஓடும். இம்மொபிலைசர் என்று பெயர். சத்தமே போடாது. ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 2021-க்குப் பிறகு பார்த்தது. அந்தச் சில்லு வைக்காத ஹூண்டாய், கியா மாடல்களை விடலைப் பையன்கள் யு.எஸ்.பி. கேபிள் முனையை வைத்தே கிளப்பிக்கொண்டு போனார்கள், அதை வீடியோ எடுத்தும் போட்டார்கள். எங்கள் வண்டியில் அந்தச் சில்லு கம்பெனியில் இருந்து வரும்போதே இருந்திருக்கிறது. டேஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடந்த கையேட்டில் அச்சடித்தும் இருந்தது. ஆக, பூட்டு போட்ட வீட்டுக்கு ஒரு ஒப்பாரிக்காரியை ஒன்பதாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாசலில் உட்கார வைத்திருக்கிறோம். (சிரிப்பு, கைதட்டல்) அவளை வெளியே அனுப்ப மெக்கானிக் கூலி நானூறு ரூபாய்.

கடைக்குப் போய்க் கேட்டோம். ஏழு கையெழுத்தையும் எடுத்துக் காட்டினார்கள். "நீங்க சம்மதிச்சு வாங்கினதுதானே மேடம்" என்றார் மேலாளர். ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டாயப்படுத்துவதை அப்போது இருந்த 1986-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டமே தப்பு என்று சொல்லியிருந்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டமும் அதையே சொல்கிறது. 1915 என்று ஒரு எண் இருக்கிறது, தேசிய நுகர்வோர் உதவி எண், காசு இல்லாமல் கூப்பிடலாம். இதெல்லாம் எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு நான் வழக்குப் போடவில்லை. ஏன்? மறுபடி அதே பதில்தான். டயாலிசிஸுக்கு நடப்பேனா, கோர்ட்டுக்கு நடப்பேனா என்ற பயம்.

அத்தை 2018-இல் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வண்டியை 2022-இல் விற்றுவிட்டு, வேறொரு கடையில் இன்னொரு பழைய வண்டி பார்த்தோம். ஊர் மாறினாலும் பில் மாறவில்லை. 'பாதுகாப்புப் பொதி, பதினோராயிரம்.' அதே துக்க வீட்டுக் குரலில் ஒரு தம்பி ஆரம்பித்தார், "மேடம், இப்பல்லாம் ராத்திரி நிறுத்தின வண்டி..." என் பையில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "தம்பி, வண்டி விலையை மட்டும் முதல் வரியில எழுதுங்க. மத்த ஒவ்வொண்ணையும் கீழே தனித்தனியா எழுதுங்க. எது சட்டப்படி கட்டியே ஆகணும், எது நீங்களா மாட்டினதுன்னு பக்கத்துல எழுதுங்க. இந்த வண்டிச் சாவியில சிப் இருக்கா இல்லையான்னு கையேட்டைப் பாத்துச் சொல்லுங்க. நீங்க மாட்டின அலாரத்தைக் கழற்றி, ஒயரைப் பழையபடி சேர்த்து, சேர்த்தது நாங்கதான்னு எழுதிக் கொடுத்தா நான் சாயங்காலம் பணத்தோட வர்றேன்."

அந்தக் கடையிலும் பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அத்தனை பட்ட பிறகும், இத்தனை மேடை ஏறின பிறகும், அந்தத் தாளை நீட்டும்போது என் கை நடுங்கியது, நடுவர் அவர்களே. என் வீட்டுக்காரர் பார்த்தார், கேளுங்கள். பேராசிரியர் அவர்களே, அந்த நடுக்கத்துக்கு ஆசை என்றா பெயர்? (கைதட்டல்)

சாயங்காலம் போனோம். அலாரம் இல்லை, பதினோராயிரம் இல்லை. வெயிட் பண்ணுகிற பார்ட்டியும் இல்லை. நாங்கள் எழுந்து கிளம்பும்போது, பக்கத்து மேசையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த வேறொரு அம்மா என் கையைப் பிடித்து, "அக்கா, அந்தத் தாள் இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்கள். நோட்டில் இருந்து கிழித்துக் கொடுத்தேன்.

இதோ, நடுவர் மணி அடித்துவிட்டார். கார் அலாரம் அடித்தால் எங்கள் தெருவில் யாரும் மதிப்பதில்லை, நடுவர் மணி அடித்தால் நான் மதிப்பேன். வணக்கம். (பலத்த கைதட்டல்)